மூன்றாவது சாட்சி

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே எம்பிஏ ஆசை வந்துவிடுகிறது. திருப்பதியை ஒட்டிய திருச்சானூரைச் சுற்றியுள்ள ஊர்களில் இப்போது இது சாதாரணம். வேங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்திலோ 2015-ல் தொடங்கிய திருப்பதி ஐஐடியிலோ படித்து முடித்த பிள்ளைகளில் சிலர் கரகம்பாடி பேட்டரி ஆலைக்குப் போகிறார்கள். சிலர் தடாவை ஒட்டிய ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளில் ஷிஃப்டுக்குச் சேர்கிறார்கள். மீதிப் பேர் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறிவிடுகிறார்கள். எங்கே போனாலும் ஒரு வருடத்துக்குள் அறைத்தோழர்களின் ராத்திரிப் பேச்சில் அகமதாபாத் ஐஐஎம், ஹைதராபாத் ஐஎஸ்பி, ஹார்வர்டு என்ற பெயர்கள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. ஸ்ரீசிட்டியிலேயே ஒரு வணிகப் பள்ளி இருக்கிறது. 1970-ல் சென்னையில் தொடங்கிய ஐஎஃப்எம்ஆர்தான் இன்று க்ரியா பல்கலைக்கழகத்தின் பகுதியாக அங்கே நடக்கிறது. கன்வேயர் பெல்ட்டுக்கும் வகுப்பறைக்கும் நடுவே சில தெருக்கள்தான் தூரம். அந்தச் சில தெருக்களைக் கடக்க எத்தனை வருடம், எந்த மாதிரியான வருடங்கள் தேவை என்பதுதான் கேள்வி.

சீக்கிரம் தயாராகத் தொடங்குங்கள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எதைத் தயார் செய்வது என்று கேட்டால் முதலில் கிடைக்கும் பதில் தேர்வு. அந்தப் பதிலில் தவறில்லை, ஆனால் அது சுலபமான பாதி. ஜிமேட், ஜிஆர்இ மதிப்பெண்கள் ஐந்து வருடம் செல்லும். இருபத்திரண்டு வயதில், கல்லூரிக் கணக்கு கையில் ஈரம் காயாமல் இருக்கும்போதே எழுதிவிட்டால் இருபத்தாறிலும் அதைக் காட்டலாம். இப்போதைய ஜிமேட்டில் மூன்று பிரிவுகள், பிரிவுக்கு நாற்பத்தைந்து நிமிடம், மொத்தம் இரண்டே கால் மணி நேரம். ஐஐஎம்களுக்கான கேட் தேர்வுக்கு இந்தச் சலுகை கிடையாது. அந்தந்த ஆண்டின் மதிப்பெண் அந்தந்த ஆண்டுச் சேர்க்கைக்கு மட்டும். ஐஎஸ்பியின் ஒரு வருடப் படிப்புக்குப் பொதுவாக இரண்டு வருட அனுபவம் வேண்டும். அகமதாபாத் ஐஐஎம்மின் ஒரு வருடப் படிப்புக்கு நான்கு. வெளிநாட்டுப் பள்ளிகளில் முதல் சுற்று பெரும்பாலும் செப்டம்பரில் முடியும், இரண்டாம் சுற்று ஜனவரியில். இவ்வளவையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடலாம். கெட்டிக்காரப் பிள்ளைகள் ஒட்டியும் விடுகிறார்கள்.

சிக்கல் வேறிடத்தில் வருகிறது. விண்ணப்பத்தில் நாம் நிரப்பும் இடங்கள் உண்டு, பிறர் நிரப்பும் இடங்களும் உண்டு. மதிப்பெண், சம்பளம், பதவி, கட்டுரை எல்லாம் நம் கையில். பரிந்துரைக் கடிதம் நம் கையில் இல்லை. நம்மோடு வேலை பார்த்த ஒருவர் அதை எழுதிப் பள்ளிக்கு நேராக அனுப்ப வேண்டும். எழுதியதை நமக்குக் காட்ட வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

அந்தக் கடிதத்தில் கேட்பதைக் கவனித்துப் பார்க்க வேண்டும். ஜிமேட் தேர்வை நடத்தும் அமைப்பு ஒரு பொதுப் படிவம் வைத்திருக்கிறது. பல பள்ளிகள் அதையே பயன்படுத்துகின்றன. இதே பொறுப்பில் இருக்கும் திறமைசாலிகளோடு ஒப்பிட்டால் இவர் எப்படி என்பது அதில் ஒரு கேள்வி. இதற்கு எந்த மேலாளரும் நல்ல வார்த்தை நாலு எழுதிவிடுவார். அடுத்த கேள்விதான் கடினம். இவருக்கு நீங்கள் சொன்ன மிக முக்கியமான திருத்தம் எது, எந்தச் சூழ்நிலையில் சொன்னீர்கள், அதை இவர் எப்படி எடுத்துக்கொண்டார்?

நம் ஊர் அலுவலகங்களில் இந்த இடத்தில் ஒரு பழக்கம் இருக்கிறது. "நீயே எழுதிக் கொண்டு வாப்பா, நான் போட்டு விடுகிறேன்" என்பார் மேலாளர். அவருக்கு நேரமில்லை, கெட்ட எண்ணமும் இல்லை. பள்ளிகள் இதை ஏற்பதில்லை என்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அந்தப் பிள்ளை ராத்திரி பதினொரு மணிக்கு லேப்டாப் முன் உட்கார்ந்து தன்னைத் தானே திருத்திக்கொண்ட கதை ஒன்றைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கிறது. அப்போதுதான் அவனுக்கு ஒன்று உறைக்கிறது. மூன்று வருடத்தில் இந்த மனிதர் தன்னிடம் உருப்படியான குறை ஒன்றும் சொன்னதே இல்லை. சொல்லும் அளவுக்கு அவர் தன்னைக் கவனித்ததில்லை. கவனிக்கும்படியான ஓரிடத்தில் தான் நின்றதும் இல்லை. டிக்கெட் வந்தது, முடித்தான். அப்ரைசல் வந்தது, சராசரிக்குக் கொஞ்சம் மேலே. வீட்டில் சந்தோஷம். மூன்று வருடம் ஓடிவிட்டது, பார்த்தவர் யாருமில்லை.

முதல் சுற்றுக்கு முந்தைய ஆகஸ்ட் மாதத்தில் இதற்கு மருந்து கிடையாது. கணக்கில் பலவீனமா, மூன்று மாதம் ஒழுங்காகப் படித்தால் தேற்றிக்கொள்ளலாம். ஆங்கிலம் தடுமாறுகிறதா, அதற்கும் வழி உண்டு. சாட்சி இல்லாமல் போன மூன்று வருடத்துக்கு எந்தக் கோச்சிங் சென்டரிலும் பாடம் கிடையாது.

சாட்சி என்றதும் இந்த மண்ணில் ஒரு கதை தானாக நினைவுக்கு வரும். நாராயணவனத்து ஆகாசராஜன் மகள் பத்மாவதியை மணக்க சீனிவாசனுக்குப் பணம் வேண்டியிருந்தது. மகாலட்சுமி கோபித்துக்கொண்டு போய்விட்டதால் கையில் காசில்லை. குபேரனிடம் கடன் வாங்கினார், கலியுகம் முடியும்வரை வட்டி கட்டுவதாகப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். திருமலை ஏறுகிறவர்கள் உண்டியலில் போடுவதெல்லாம் அந்த வட்டிக்குத்தான் என்று திருச்சானூர்ப் பாட்டிகள் இன்றும் குழந்தைகளுக்குச் சொல்கிறார்கள். கதையில் எல்லாரும் கடனை நினைவில் வைத்துக்கொள்கிறார்கள், பத்திரத்தில் சாட்சி போட்டவர்களை மறந்துவிடுகிறார்கள். சாட்சிகள் மூன்று. ஒருவர் பிரம்மா, ஒருவர் சிவன், மூன்றாவது ஓர் அரசமரம்.

கடவுளே கடன் வாங்கினாலும் சாட்சி கேட்கும் ஊர் இது என்று சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் அந்த மூன்றாவது சாட்சி என்னை விடுவதில்லை. முதல் இருவர் பெரிய இடம். அவர்கள் பெயர் பத்திரத்துக்கு எடுப்பு. மரத்துக்குப் பெயருமில்லை, பதவியுமில்லை. பத்திரம் எழுதிய இடத்தில் அது இருந்தது, அவ்வளவுதான். நேற்றும் இருந்தது, மறுநாளும் இருக்கும். அந்த ஒரே தகுதியில் அது பிரம்மாவுக்கும் சிவனுக்கும் பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறது.

விண்ணப்பிக்கிற பிள்ளைகள் முதல் இரண்டு சாட்சிகளைத் தேடித்தான் அலைகிறார்கள். கம்பெனியின் துணைத் தலைவர், கல்லூரி முதல்வர், மாமாவுக்குத் தெரிந்த ஐஏஎஸ் அதிகாரி. பள்ளிகளோ வேறு மாதிரி சொல்கின்றன. பெரிய பதவிக்காரர் எழுதும் மேலோட்டமான கடிதத்தைவிட, தினமும் கூட இருந்து பார்த்த நேரடி மேலாளர் எழுதுவதே உதவும் என்கின்றன. அவர்கள் கேட்பது அரசமரத்தின் சாட்சியை.

இங்கே ஒரு முடிச்சு விழுகிறது. அரசமரம் சாட்சியானது, சாட்சியாகப் போகிறேன் என்று நின்றதால் அல்ல. நாமோ இப்போதிருந்தே சாட்சியை உண்டாக்கப் புறப்பட்டால் என்ன ஆகும்? மேலாளர் கண்ணில் படும்படி ராத்திரி ஒன்பது மணிவரை உட்காருவோம். கூட்டத்தில் முதலில் கை தூக்குவோம். சான்றிதழுக்காக ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நாலு சனிக்கிழமை போவோம். சீக்கிரம் தொடங்குங்கள் என்ற அறிவுரையின் ஆபத்து இதுதான். தொடக்கம் எவ்வளவு சீக்கிரமோ, நடிப்பும் அவ்வளவு நீளம். இருபத்திரண்டில் வேஷம் கட்டியவனுக்கு இருபத்தேழில் அதைக் கழற்றத் தெரியாது.

இந்த முடிச்சை அவிழ்க்கக் கிழக்கு மேற்காக அலைய வேண்டியதில்லை. 2000-ல் திருமலையில் தொடங்கிய ஸ்ரீவாரி சேவையைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் போதும். வரிசையில் நிற்பவர்களுக்குத் தண்ணீரும் உணவும் கொடுக்க, அன்னப்பிரசாதக் கூடத்தில் பரிமாற, கூட்டத்தை ஒழுங்காக அனுப்ப ஊர் ஊராகத் தொண்டர்கள் வருகிறார்கள். கார்த்திகைப் பிரம்மோற்சவத்தின் கடைசி நாள் பஞ்சமி தீர்த்தத்துக்குத் திருச்சானூர்ப் பத்ம சரோவரத்தில் முழுக்குப் போடக் கூட்டம் அலைமோதும்போது அவர்கள் இங்கேயும் நிற்கிறார்கள். இரண்டு விதமான தொண்டர்கள் கண்ணில் படுவார்கள். செல்ஃபி எடுத்துக்கொள்ள இடம் பார்ப்பவர் ஒருவர். இன்னொருவர் கைக்குழந்தையோடு திணறும் பெண்ணைக் கவனித்து, அவளை ஓரமாக அழைத்துப் போக வழி தேடுபவர். முதலாமவர் தன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், இரண்டாமவர் அந்தப் பெண்ணைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நாலு மணி நேரம் கழித்துக் குழுத்தலைவருக்கு யார் பெயர் நினைவிருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆக, சாட்சியைத் தேடக் கூடாது, விளைவைத் தேடலாம். நான் செய்யும் வேலை யார் தலையில் போய் விழுகிறது என்று கேட்கத் தொடங்கினால், அந்தத் தலைக்குரியவர் ஒருநாள் தானாகத் திரும்பிப் பார்ப்பார்.

நம்மவர்கள் இருவரின் வாழ்க்கை இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. சி.கே. பிரகலாத் கோயம்புத்தூரில் 1941-ல் பிறந்தவர். லயோலாவில் இயற்பியல் முடித்துவிட்டு நேரே மேற்படிப்புக்குப் போகவில்லை. யூனியன் கார்பைடு நிறுவனத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தார். அதன் பிறகே அகமதாபாத் ஐஐஎம்மின் முதல் அணியில் சேர்ந்து 1966-ல் வெளியே வந்தார். பின்னால் ஹார்வர்டில் முனைவர் பட்டம், மிச்சிகனில் பேராசிரியர் பதவி, உலகம் முழுக்க நிர்வாகிகள் படித்த புத்தகங்கள். தொழிற்சாலையில் கழித்த அந்த நான்கு வருடத்தைத் தம் வாழ்வின் பெரிய திருப்பம் என்று அவரே சொல்லியிருக்கிறார். அவர் அங்கே போனபோது அகமதாபாத் ஐஐஎம் பிறக்கவே இல்லை, அல்லது அப்போதுதான் பிறந்திருந்தது. நிறுவப்பட்டது 1961-ல். அங்கே விண்ணப்பிக்க வழியே இல்லாத காலத்தில் அவர் தயாராகிக்கொண்டிருந்தார். தயாராவது என்றால் என்ன என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது.

இந்திரா நூயி இன்னொருவர். சென்னைப் பெண். கிறிஸ்தவக் கல்லூரியிலும் கல்கத்தா ஐஐஎம்மிலும் படித்துவிட்டு, 1978-ல் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போகும்முன் இரண்டு வருடம் இங்கே வேலை பார்த்தார். மேட்டூர் பியர்ட்செல் ஜவுளி நிறுவனம், அதோடு ஜான்சன் அண்ட் ஜான்சன். ஸ்டேஃப்ரீ நாப்கின் இந்தியாவுக்கு வந்த நேரம். அந்தப் பொருளைப் பற்றி வெளிப்படையாக விளம்பரம் செய்ய முடியாத காலம். பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் நேரே போய்ப் பெண்களிடம் பேசித்தான் அதை அறிமுகப்படுத்த வேண்டியிருந்தது. இருபத்தொன்று இருபத்திரண்டு வயதுப் பெண், கூச்சத்தால் வாய் மூடியிருக்கும் ஒரு விஷயத்தைக் கிட்டத்தட்ட அதே வயதுப் பெண்கள் முன் எடுத்துப் பேசுகிறார். ரெஸ்யூமேயில் இது ஒரு வரி. அந்த வகுப்பறையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அது ஒரு வரியாக இருந்திருக்காது.

இரண்டு வாழ்க்கையிலும் பொதுவாக இருப்பதைப் பார்க்க வேண்டும். இருவருமே கம்பெனியின் மிகச் சிறிய மூலையில் நின்றார்கள். ஆனால் அந்த மூலையில் எதிரே மனிதர்கள் இருந்தார்கள். தொழிலாளி, மாணவி. நிர்வாகம் என்ற படிப்பே எதிரே இருக்கும் மனிதரிலிருந்துதான் தொடங்குகிறது. ஹார்வர்டு வணிகப் பள்ளியில் ஒரு பிரிவுக்குச் சுமார் தொண்ணூறு பேர். ஆசிரியர் பாடம் எடுப்பது குறைவு. ஒரு நிறுவனத்தின் உண்மைச் சிக்கலை முன்னால் வைத்துத் தொண்ணூறு பேரும் பேசிப் பேசி வழி தேடுகிறார்கள். ஆலையில் வேலைநிறுத்தம் பார்த்தவன் ஒன்று சொல்வான், ஆஸ்பத்திரி நடத்தியவள் ஒன்று சொல்வாள். எதையும் பார்க்காமல் வந்தவனிடம் கொடுக்க ஒன்றும் இருக்காது. அதனால்தான் '2+2' என்ற திட்டத்தில் கடைசி வருட மாணவனுக்கு இடத்தைக் கொடுத்துவிட்டு, இரண்டு வருடமாவது வேலை பார்த்துவிட்டு வா என்று அந்தப் பள்ளியே திருப்பி அனுப்புகிறது. இடம் உறுதி, ஆனால் ஆள் இன்னும் தயாரில்லை என்பது அதன் பொருள்.

செய்தது யாரைப் போய்ச் சேர்ந்தது என்ற கணக்கைத்தான் திருமலைக் கோயில் கல்வெட்டுகளும் எழுதி வைத்திருக்கின்றன. பதினைந்து, பதினாறாம் நூற்றாண்டுகளில் பக்தர்கள் கோயிலுக்குக் கொடுத்த பணம், கோயில் கிராமங்களில் ஏரி வெட்டவும் கால்வாய் திருத்தவும் போயிற்று. விளைச்சல் கூடியது. கூடிய விளைச்சலில் நைவேத்தியம் நடந்தது. வரலாற்றாசிரியர் பர்ட்டன் ஸ்டெயின் 1960-லேயே இந்தப் பொருளாதாரத்தைப் பற்றிக் கட்டுரை எழுதினார். பிரசாதத்தில் நாலில் ஒரு பங்கு கொடுத்தவருக்கு. அதற்கு விட்டவன் விழுக்காடு என்று பெயர். மீதி யார் யாருக்கு எவ்வளவு என்பதும் கல்லில் இருக்கிறது. கொடுத்தவரின் குணத்தை அந்தக் கல் புகழ்வதோடு நிற்பதில்லை. எந்த ஏரி, எந்த நாள், எந்தப் படையல், யார் கையில் போய்ச் சேர வேண்டும் என்று சொல்கிறது. நல்ல பரிந்துரைக் கடிதமும் அப்படித்தான் இருக்கும். 'தலைமைப் பண்பு மிக்கவர்' என்ற புகழ்ச்சி அங்கே நிற்காது. எந்த வேலை, யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்பது நிற்கும்.

வேலையின் முதல் வருடத்தில் இருப்பவர் என்ன செய்யலாம் என்று கேட்டால், பெரிய காரியம் ஒன்றுமில்லை. கையில் உள்ள வேலை எங்கே போய் முடிகிறது என்று ஒருமுறை பின்தொடர்ந்து பார்க்கலாம். நாம் அனுப்பும் அறிக்கையை யார் படிக்கிறார், நாம் சோதித்த பாகம் எந்த வண்டியில் ஏறுகிறது, நாம் எழுதிய நிரலால் எந்தக் குமாஸ்தாவின் மாலை நேரம் மிச்சமாகிறது. மாதக் கடைசியில் மேலாளரிடம் போய், "சார், இந்த மாதம் நான் செய்ததில் எது சரியில்லை?" என்று கேட்கலாம். முதல் தடவை அவர் "எல்லாம் நல்லாத்தான் இருக்குப்பா" என்பார். மூன்றாவது தடவை உண்மையைச் சொல்வார். சொன்னதையும் அதன் பிறகு நாம் செய்ததையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கலாம். இரண்டு வருடத்தில் நாம் கட்டுரை எழுதத் தேவையான சரக்கு அந்த நோட்டில் இருக்கும், அவர் கடிதம் எழுதத் தேவையானது அவர் நினைவில் இருக்கும். புதிதாக வந்த பையனுக்கு வேலை கற்றுக்கொடுக்கலாம். யாரும் தொட விரும்பாத, இரண்டு பிரிவுகளுக்கு நடுவே கிடக்கும் சண்டையை எடுத்துத் தீர்க்கலாம். சம்பளத்தில் கொஞ்சம் ஒதுக்கலாம். ஹார்வர்டில் ஒரு வருடக் கல்விக் கட்டணம் மட்டுமே 70,000 டாலரைத் தாண்டுகிறது, நமக்குக் கடன் கொடுக்கக் குபேரன் வரப்போவதில்லை.

இதில் ஒன்றைக் கவனிக்கலாம். இப்போது சொன்ன எதுவும் எம்பிஏவுக்கென்று தனியாகச் செய்வதில்லை. எம்பிஏ வேண்டாம் என்று நாளை முடிவு செய்தாலும் எதுவும் வீணாகாது. தயாரிப்பு உண்மையானதா என்று அறிய இதுவே நல்ல சோதனை. குறிக்கோளை எடுத்துவிட்ட பிறகும் செய்யத் தகுந்ததாக எது மிஞ்சுகிறதோ, அதை மட்டும் செய்தால் போதும். மிஞ்சாதது வேஷம்.

தகுதி என்பதை நாம் சொத்துபோல நினைத்துக்கொள்கிறோம். என் பட்டம், என் மதிப்பெண், என் அனுபவம் என்று அலமாரியில் அடுக்குகிறோம். ஆனால் மனிதர்களை நடத்தும் வேலைக்கு வேண்டிய தகுதியை நம் அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது. கூட வேலை பார்த்தவர்களின் நினைவில்தான் அது இருக்க முடியும். நான் நேர்மையானவன் என்று நானே எழுதினால் அது வெறும் வாக்கியம். தவறை ஒப்புக்கொண்டு மறுநாளே திருத்தினான் என்று இன்னொருவர் நினைவுகூர்ந்தால்தான் அது செய்தி. நம்மைப் பற்றி மிக முக்கியமானதை நாமே எழுத முடியாதபடி வாழ்க்கை அமைந்திருக்கிறது. இளம் வயதில் இது அநியாயமாகத் தோன்றும். கொஞ்சம் பழகிய பிறகு இதில் ஒரு நிம்மதி தெரியும். நம்மை நாமே தூக்கிப் பிடித்துக்கொண்டு திரிய வேண்டியதில்லை. எதிரே இருப்பவரைப் பார்த்தால் போதும். அவர் நம்மைப் பார்ப்பது அவர் வேலை.

சேர்க்கைக் குழு நம் தாள்களைப் புரட்டுவது கொஞ்ச நேரம். பக்கத்து மேஜைக்காரரும், நம்மிடம் வேலை கற்ற பையனும், திருத்தம் சொன்ன மேலாளரும் வருடக்கணக்காக நம்மைப் புரட்டிக்கொண்டிருக்கிறார்கள். விண்ணப்பத்தை எழுத நாம் உட்காரும் நாளுக்கு வெகு முன்பே, அவர்கள் அதைப் படித்து முடித்துவிடுகிறார்கள்.